இரண்டு ரீல் சிரிப்பு

சார்லி சாப்ளினைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. லாரல் - ஹார்டியையும் தெரியும். ஒல்லியாக ஒருத்தனும் குண்டாக ஒருத்தனும் சேர்ந்து மெஸ்ஸுக்குப் போனாலே ‘லாரல் ஹார்டி வர்றாங்கடா’ என்று விடுதி வராந்தாவிலிருந்து குரல் கொடுத்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் இந்த ஆசாமிகள் எல்லாம் எந்தப் பட்டறையில் தொழில் பழகினார்கள், அங்கே முதல் வரிசையில் நின்ற ஒரு மனிதரின் பெயர் நமக்கு ஏன் வந்து சேரவே இல்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். கல்வெட்டு, செப்பேடு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது பேசாத படக் காலத்து இருபது நிமிட நகைச்சுவைப் படங்களை. இதுவும் சரித்திரம்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு ரீல் என்றால் சுமார் 1000 அடி ஃபிலிம். அடிக்குப் பதினாறு ஃபிரேம். கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம், வினாடிக்கு இரண்டு சுற்று. ஆக ஒரு ரீல் பதினாறு நிமிஷம் ஓட வேண்டும். தியேட்டர்க்காரர்கள் அவ்வளவு பொறுமைசாலிகளா? கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்கள். அதனால் இரண்டு ரீல் படம் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய படத்துக்கு முன்னால் செய்திப் படத்தோடு சேர்த்து இதைப் போடுவார்கள். பக்கத்தில் பியானோவோ ஆர்கனோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். ‘மௌனப் படம்’ என்று நாம் சொல்கிறோமே தவிர, கொட்டகை ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை.

இந்தக் கணக்கைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பழைய காமெடி என்றாலே எல்லோரும் கிடுகிடுவென்று பொம்மை மாதிரி நடப்பார்கள் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. பேசும் படம் வந்த பிறகு வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்துவிட்டது. பதினாறில் எடுத்ததை இருபத்து நாலில் ஓட்டினால் மனுஷன் நடக்க மாட்டான், தத்துவான். நம் கல்லூரித் திரைப்படச் சங்கத்தின் 16 எம்.எம். புரொஜெக்டரில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் பாதி இந்தத் தத்தலுக்காகத்தான்! துரத்தல் காட்சிகளில் கேமராக்காரர் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் கூட்டியதும் உண்டு. ஆனால் எல்லாக் காட்சியிலும் அப்படி இல்லை. சரியான வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் அந்த நடிகர்கள் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

ஆரம்பம் பிரான்சில். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அதில் ஒரு நிமிஷம்கூட ஓடாத ஒரு படம்: தோட்டக்காரர் ரப்பர் குழாயில் தண்ணீர் விடுகிறார், பின்னாலிருந்து ஒரு பொடியன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றதும் இவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார், அவன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை. பிறகு அதே நாட்டில் மாக்ஸ் லிண்டர் என்பவர் பட்டுத் தொப்பியும் கோட்டுமாக, கனவான் ஒருவர் படும் அவஸ்தைகளை வைத்து முதல் உலக யுத்தத்துக்கு முன்பே பல தேசங்களில் பெயர் வாங்கினார். சாப்ளின் தன்னை அவருடைய சீடன் என்று எழுதிப் படம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அமெரிக்காவில் பட்டறை போட்டவர் மாக் சென்னட். 1912-ல் கீஸ்டோன் கம்பெனி. போலீஸ்காரர்கள் கூட்டமாக ஓடி, கூட்டமாக விழும் படங்கள். இன்று பார்த்தால் பல படங்கள் வெறும் களேபரம். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஆனால் யார் யார் அங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். மேபல் நார்மண்ட் என்ற இளம் பெண் நடித்ததோடு, 1914-லேயே படம் இயக்கவும் செய்தார். புதிதாக வந்து சேர்ந்த சாப்ளினையே இயக்கினார். (சாப்ளினுக்கு அது பிடிக்கவில்லை, சண்டை வந்தது. அது வேறு கதை.) அந்தச் சாப்ளின் கீஸ்டோனில் வாங்கியது வாரம் 150 டாலர். 1916-ல் மியூச்சுவல் கம்பெனியில் பன்னிரண்டு சின்னப் படங்களுக்காக வாரம் 10,000 டாலர், அதற்கு மேல் 150,000 டாலர் போனஸ்! துண்டுப் படம்தானே என்று யாரும் அலட்சியமாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தக் காசுக்கு அவர் எப்படி உழைத்தார் என்பதும் தெரிய வந்திருக்கிறது. சாப்ளின் தூக்கிப் போட்ட ஃபிலிம் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1983-ல் கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் இருவரும் ‘அறியப்படாத சாப்ளின்’ என்ற தொடரை எடுத்தார்கள். ‘தி இமிக்ரண்ட்’ (1917) படம் கப்பலில் ஆரம்பித்து ஓட்டலில் முடிகிறது. ஆனால் சாப்ளின் முதலில் எடுத்தது ஓட்டல் காட்சியைத்தான். கப்பல் என்ற யோசனையே அப்போது இல்லை. ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுத்து, ஓட்டல் சர்வராக நடித்தவரை மாற்றி, இந்த ஆணும் பெண்ணும் எங்கே ஏற்கனவே சந்தித்திருப்பார்கள் என்று யோசிக்கும்போதுதான் கப்பல் வந்திருக்கிறது. திரைக்கதையைத் தாளில் எழுதாமல் ஃபிலிமிலேயே எழுதி எழுதி அழித்திருக்கிறார் மனுஷர்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்தது ராஸ்கோ ஆர்பக்கிள் என்பவரைப் பற்றி. ‘ஃபேட்டி’, அதாவது குண்டன், என்பது ரசிகர்கள் கூப்பிட்ட பெயர். அவருக்கு அது பிடிக்காது. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. ஆனால் குட்டிக்கரணம் அடிப்பார், மாடிப்படியில் உருண்டு எழுவார், பெண் வேஷம் போட்டால் நளினமாக நடப்பார். உடம்பைக் காட்டிச் சிரிக்க வைப்பதைவிட, இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு லேசாக அசைகிறதே என்று வியக்க வைப்பதில்தான் அவர் சமர்த்தர். தன் படங்களைத் தானே இயக்கினார். 1917-ல் நியூயார்க்கில் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தபோது, இருபத்தோரு வயசு இளைஞர் ஒருவர் ஸ்டூடியோவைப் பார்க்க வந்தார். அவர்தான் பஸ்டர் கீட்டன்.

கீட்டன் பிறந்தது 1895 அக்டோபர் 4. பாரிஸ் காட்சிக்குக் கிட்டத்தட்ட மூன்று மாசம் மூத்தவர்! அப்பா, அம்மா, பையன் மூவரும் மேடையில் ‘மூன்று கீட்டன்கள்’ என்று நிகழ்ச்சி நடத்தினார்கள். நிகழ்ச்சி என்னவென்றால் அப்பா பையனைத் தூக்கி எறிவார். தூக்குவதற்கு வசதியாகப் பையன் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் சும்மா இருப்பார்களா? நியூயார்க்கில் பெரிய தகராறு. விழுவது எப்படி என்பதோடு இன்னொன்றையும் கீட்டன் அங்கே கற்றுக்கொண்டார்: தான் சிரித்தால் ஜனங்கள் சிரிப்பதில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால் சிரிக்கிறார்கள்.

அப்போது அவருக்கு மேடையில் வாரம் 250 டாலருக்கு ஒப்பந்தம் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு ஆர்பக்கிளிடம் 40 டாலருக்குச் சேர்ந்தார். முதல் படம் ‘தி புட்சர் பாய்’ (1917). மளிகைக் கடைக்கு வெல்லப்பாகு வாங்க வருகிறார் கீட்டன். காசை வாளிக்குள் போட்டு நீட்டுகிறார். ஆர்பக்கிள் பாகை ஊற்றிவிட்டுக் காசு கேட்கிறார். காசு பாகுக்கு அடியில்! எடுப்பதற்காகப் பாகை கீட்டனின் தொப்பியில் கவிழ்க்கிறார். பிறகு தொப்பி தலையில் ஒட்டுகிறது, சிந்திய பாகில் கால் தரையோடு ஒட்டுகிறது. எழுத்தில் சொன்னால் அற்பமாக இருக்கிறது, இல்லையா? பார்த்தால் தெரியும். கடையில் இருக்கும் மற்ற எல்லோரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க, இந்த ஒரு மனிதர் மட்டும் தொப்பி ஏன் வரவில்லை என்று யோசிக்கிறார். சினிமாவில் அன்றுதான் அவருக்கு முதல் நாள்.

ஆர்பக்கிள் இந்தச் சிஷ்யனுக்கு எதையும் மறைக்கவில்லை. கேமரா எப்படி வேலை செய்கிறது, ஃபிலிம் எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது, எல்லாம் திறந்த புத்தகம். முதல் வேலையாகக் கேமராவைப் பிரித்துப் போட்டுப் பார்த்ததாகக் கீட்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். (நடிகனாகாவிட்டால் சிவில் என்ஜினியர் ஆகியிருப்பேன் என்று சொன்னவர் அவர். சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) குருவும் சிஷ்யனும் எல்லாவற்றிலும் ஒத்துப் போகவில்லை. பார்ப்பவர்களின் மன வயசு பன்னிரண்டு என்று நினைத்துப் படம் எடு என்பார் ஆர்பக்கிள். அப்படி நினைக்கிறவர் ரொம்ப நாள் நிலைக்க மாட்டார் என்பது கீட்டன் கட்சி. ‘கோனி ஐலண்ட்’ (1917) படத்தைப் பாருங்கள். பின்னாளில் கல்முகம் என்று பெயர் வாங்கிய கீட்டன் அதில் வாய்விட்டுச் சிரிக்கிறார். தொழில் பழகும் காலம் அது.

1920-ல் ஆர்பக்கிள் முழுநீளப் படத்துக்குப் போனார். தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அந்தக் குழுவைக் கீட்டன் கையில் கொடுத்தார். 1923 வரை பத்தொன்பது சின்னப் படங்கள். எழுதி வைத்த கதை கிடையாது. ஆரம்பமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுவில் உள்ளது தானாக வந்து சேரும் என்பார். யோசனை ஓடவில்லையா? எல்லோரும் மட்டையை எடுத்துக்கொண்டு பேஸ்பால் விளையாடப் போய்விடுவார்கள். நம் ஊர் ஸ்டூடியோ முதலாளிகள் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள்.

அதில் முதலில் வெளியான ‘ஒன் வீக்’ (1920) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதுமணத் தம்பதிக்குக் கல்யாணப் பரிசாக ஒரு வீடு வருகிறது; பெட்டி பெட்டியாக, துண்டு துண்டாக. எண் வரிசைப்படி பூட்டிக்கொண்டே போனால் வீடு எழும்பிவிடும். பெண்ணைக் கட்ட முடியாமல் போன ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். திங்களில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளாக வேலை நடக்கிறது. எழும்புவதோ கோணல் மாணலாக ஒரு வீடு. மாடிக் கதவைத் திறந்தால் வெட்டவெளி. பியானோ கொண்டுவரும் ஆள் அதை ஒற்றைத் தோளில் சும்மா தூக்கி வந்து கீட்டனிடம் கொடுக்கிறான். வாங்கிய கீட்டன் அதன் அடியில். பிறகு புயல். கிரகப்பிரவேசத்துக்கு வந்த விருந்தாளிகளோடு வீடு குடைராட்டினம் மாதிரி சுற்றுகிறது. எல்லாம் முடிந்த பிறகு, வீட்டைத் தப்பான மனையில் கட்டிவிட்டீர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் மனை என்கிறார்கள்! இழுத்துக்கொண்டு போகும்போது தண்டவாளத்தில் வீடு மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறார்கள். எதிர்த் திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிட்டுப் போகிறது. கீட்டன் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை நட்டு, வீடு கட்டும் குறிப்பையும் மறக்காமல் அதில் செருகிவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

வீடு நிஜம். சுழலும் மேடை ஒன்றின்மேல் முழு அளவில் கட்டிச் சுற்றினார்கள். ரயில் நிஜம். இந்தப் படங்களின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேமரா தள்ளி நிற்கிறது. ஆள் தலை முதல் கால் வரை தெரிகிறார். வீடும் ரயிலும் ஆளும் ஒரே சட்டத்துக்குள். நடுவில் வெட்டினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்பதில் கீட்டன் பிடிவாதமாக இருந்தார். நாம் சிரிக்கிறோம்; அதே கணத்தில் ‘ஐயையோ’ என்றும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஊரையே கவிழ்க்கலாம், ஆனால் அந்த ‘ஐயையோ’ வருவதில்லை.

அதற்கான விலையும் நிஜம். ‘தி எலெக்ட்ரிக் ஹவுஸ்’ எடுக்கும்போது நகரும் படியில் மாட்டிக் கீட்டனின் கணுக்கால் உடைந்தது. குதிக்க முடியாதே, என்ன பண்ணுவது? ‘தி பிளேஹவுஸ்’ (1921) என்று வேறொரு படம் எடுத்தார். ஒரு நாடகக் கொட்டகை. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், ரசிகர்கள் எல்லோரும் கீட்டனே. ஒரு காட்சியில் மேடையில் ஒரே வரிசையில் ஒன்பது கீட்டன்! கேமராக்காரர் எல்ஜின் லெஸ்லி லென்ஸின் ஒரு பட்டையை மட்டும் திறந்து எடுப்பார். ஃபிலிமைப் பின்னால் சுற்றுவார். அடுத்த பட்டையைத் திறப்பார். ஒன்பது தடவை, கையால், அதே வேகத்தில். ஒரு தடவை தப்பினாலும் எல்லாம் போச்சு. ஆனால் அந்த ஒன்பது பேரும் கறுப்பர்களைக் கேலி செய்யும் கரிபூசிய வேஷத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலப் படங்களில் இந்த மாதிரி இனக் கேலி நிறைய. தொழில்நுட்பத்துக்குக் கை தட்டலாம், அதற்குத் தட்ட முடியாது. ஹெரால்ட் லாயிடின் கதை இன்னும் கொடுமை. 1919-ல் போட்டோவுக்காகக் கையில் பிடித்த ‘பொம்மை’ வெடிகுண்டு நிஜமாகவே வெடித்து வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. அதற்குப் பிறகுதான், கையுறையில் அதை மறைத்துக்கொண்டு, உயரமான கட்டடங்களில் தொங்கிய படங்களையெல்லாம் எடுத்தார்!

சரி, குருவுக்கு என்ன ஆயிற்று? 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில் ஆர்பக்கிள் கொடுத்த விருந்துக்கு வந்த வர்ஜீனியா ரப் என்ற நடிகை நோய்ப்பட்டுச் சில நாளில் இறந்து போனார். ஆர்பக்கிளைக் கைது செய்தார்கள். பத்திரிகைகள் அவரையும் விடவில்லை, இறந்து போன அந்தப் பெண்ணையும் விடவில்லை. மூன்று முறை விசாரணை. முதல் இரண்டிலும் ஜூரிகளுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. மூன்றாவது ஜூரி 1922 ஏப்ரல் 12 அன்று, சில நிமிஷங்களிலேயே குற்றமற்றவர் என்று சொன்னதோடு, அவருக்குப் பெரிய அநீதி நடந்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தது. விஷயம் அதோடு முடிந்ததா? ஆறே நாளில் அமெரிக்கத் திரைத்துறையின் புதுத் தலைவர் வில் ஹேஸ் அவர் படங்களுக்குத் தடை போட்டார். அந்த வருஷ டிசம்பரில் தடை நீங்கியது, ஆனால் யார் திரையிடுவார்கள்? வில்லியம் குட்ரிச் என்ற வேறு பெயரில் அடுத்தவர் படங்களை இயக்கிக் காலம் தள்ளினார். கீட்டன் கைவிடவில்லை, பணத்தாலும் வேலையாலும் உதவினார். 1932-33-ல் மறுபடி சொந்தப் பெயரில் ஆறு இரண்டு ரீல் பேசும் படங்களில் நடித்தார். அவை முடிந்த கையோடு, 1933 ஜூன் 29 அன்று தூக்கத்திலேயே காலமானார். வயசு 46.

இப்போது ஒரு சின்ன விஷயம். கீட்டன் என்றதும் உலகமே காட்டும் காட்சி ஒன்று உண்டு. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர்மேல் சாய்கிறது. ஜன்னல் துவாரம் சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் அவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். சில அங்குலம் தப்பியிருந்தால் ஆள் காலி. இதே வேடிக்கையைச் சின்ன அளவில் ‘ஒன் வீக்’ படத்திலும் செய்திருக்கிறார். அதற்கும் முந்தி, 1919-ல், ‘பேக் ஸ்டேஜ்’ என்ற இரண்டு ரீல் படத்தில் நாடக மேடையில் வைத்த வீட்டுப் படுதா ஒன்று சாய்கிறது. ஜன்னல் வழியாகத் தப்பி நிற்பவர் ஆர்பக்கிள். சினிமாச் சரித்திரப் புத்தகங்களின் அட்டையில் சிஷ்யன் நிற்கிறார். அவர் முதலில் நின்ற இடம் யாருடையது என்பதைப் பலரும் சொல்வதில்லை. சிஷ்யன் குருவை மிஞ்சிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாத்தியார் பெயரைச் சொல்ல வேண்டாமா?

படங்களுக்கு நேர்ந்த கதி ஒன்றும் மேலாக இல்லை. நைட்ரேட் ஃபிலிம் எளிதில் பற்றி எரியும். எரியாவிட்டால் தானாகப் பொடியாகும். பேசும் படம் வந்ததும் பழையதற்கு மதிப்புப் போய், அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வந்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் அசல் வடிவில் முழுசாக மிஞ்சியது நூற்றுக்கு 14. முழுநீளப் படத்துக்கே இந்தக் கதி. கீட்டனின் பழைய பங்களாவை 1949-ல் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே ஒரு கொட்டகையில் பழைய ஃபிலிம் பெட்டிகளைக் கண்டெடுத்தார். இல்லாவிட்டால் இன்னும் சில போயிருக்கும்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு எங்கள் பாடு இல்லை. இந்தப் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். ‘ஒன் வீக்’கில் ஆரம்பியுங்கள். அடுத்து ‘காப்ஸ்’ (1922): ஒரு பாவமும் அறியாத ஒருவனை ஊர்ப் போலீஸ் மொத்தமும் துரத்தும் கதை. ஆர்பக்கிள் வழக்கு நடந்த காலத்தில் வந்த படம் என்பதால் அதில் நண்பரின் நிழல் தெரிகிறது என்பார்கள் சிலர். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்த்தால் இன்னும் விசேஷம், விடுதி டி.வி. அறை இருக்கவே இருக்கிறது.

பிறகு ‘தி குக்’ (1918). பல பத்தாண்டுகளாக ஒரு பிரதிகூட இல்லை என்று நினைத்திருந்த படம், 1998-ல் நார்வே நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. பிறகு நெதர்லாந்தில் இன்னும் கொஞ்சம். ஓட்டல் சமையற்காரர் ஆர்பக்கிள், சர்வர் கீட்டன். அடுப்படியிலிருந்து குண்டு மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு பதார்த்தமாகப் பின்னால் வீசுகிறார். ஒல்லி மனிதர் ஒன்றையும் தவற விடாமல் பிடிக்கிறார். கம்பி இல்லை, வெட்டு இல்லை. எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பார்களோ! படத்தில் இன்னும் சில பகுதிகள் கிடைக்காமலேதான் இருக்கின்றன.